இரண்டு அரை மாத்திரைகள்

பீரோவை நகர்த்த வேண்டும் என்று பிலோமினா மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது. அதற்குள் இந்த அறை காலியாக வேண்டும். கட்டில் கூடத்துக்குப் போய்விட்டது, தையல் மெஷின் போய்விட்டது, திருஇருதயப் படத்தைக் கழற்றித் துடைத்துப் பழைய சேலையில் சுற்றி வைத்தாகிவிட்டது, மீதம் இந்தப் பீரோவும் நானும்தான். தரையில் உட்கார்ந்து அடித்தட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் எடுக்கிறேன். வேகமாக எடுத்தால் பீரோ காலியாகிவிடும், காலியானால் நகர்த்த வேண்டும், நகர்த்தினால் அதன் அடியைப் பார்க்க வேண்டும். அந்த அடியில்தான் பல்தா போய்ப் படுக்கும். கோபம் வந்தால் அங்கே, இடி இடித்தால் அங்கே, வீட்டுக்குப் பிடிக்காத விருந்தாளி வந்தால் அங்கே. போய்ப் படுக்கும் என்றா சொன்னேன், படுத்தது, ஒன்பது மாதத்துக்கு முன்பு வரை படுத்தது. “இன்னும் ஆவலயா?” என்கிறாள் அடுப்படியிலிருந்து. ஆகுது ஆகுது என்கிறேன். கையில் இருப்பது ஜெரால்டின் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு. இதை எதற்கு இருபத்தோரு வருஷம் பத்திரப்படுத்தினோம் என்று தெரியவில்லை. அவனே ஓசூரில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டான்.

பல்தா எங்கள் பூனை. முழுப்பெயர் பல்தசார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கோயில் குடிலைப் பிரிக்கிற வேலைக்குப் போயிருந்தேன். ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் நடுவில், வைக்கோலுக்குள், ஒரு கைப்பிடி அளவுக்குக் கறுப்பாக ஒன்று கிடந்து கத்தியது. குடிலில் இருந்த சுரூபங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிவிட்டு இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மூன்று ராஜாக்களில் ஒருவர் பெயரையே வைத்தேன். கம்பீரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து ராஜா மூன்று குட்டி போட்டார். பேரை மாற்றலாமா என்றதற்கு, “அதுக்குப் பழகிப்போச்சு, விடுங்க” என்றாள் பிலோமினா. பல்தசார் பல்தா ஆனது அப்படித்தான். ராத்திரியில் பிலோமினாவின் கால்மாட்டில் படுக்கும், என் கால்மாட்டில் படுக்காது, ஆனால் நான் கடையிலிருந்து வரும் நேரத்துக்கு வாசல் மதிலில் உட்கார்ந்திருக்கும். என் சைக்கிளைக் கண்டதும் இறங்கி, என்னைத் தெரியாத மாதிரி முன்னால் நடந்து உள்ளே போகும். எனக்காகக் காத்திருக்கவில்லையாம், தற்செயலாக அங்கே இருந்ததாம். அந்தப் பாசாங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் தெருமுனை திரும்பும்போது கண் மதிலுக்குத்தான் போகிறது. சைக்கிள் மணியை அந்த இடத்தில் அடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

பழைய சேலைகள், ஒரு கட்டு மெழுகுதிரி, சாம்பிராணி டப்பா. எடுத்து வைக்கிறேன். என் கையைப் பார்க்கிறேன், இந்தக் கை முப்பத்தோரு வருஷமாக மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை. பாலக்கரையில் என்னைப் பேர் சொல்லி இருதயராஜ் என்று கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்களுக்கு நான் ‘டாக்டரண்ணே’. தலைவலி, வயிற்றுப்போக்கு, மூட்டு வலி, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள், நானும் சளைக்காமல் சொல்வேன். பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்டு, அந்த எடைக்கு எவ்வளவு என்று மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு தலைக்கனம், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தத் தலைக்கனம்தான் மார்ச் மாதம் என்னை அந்தக் காரியம் செய்யவைத்தது. பல்தாவுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. காது மடல் சுட்டது. மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள் பிலோமினா, திங்கட்கிழமை போகலாம் என்றேன், அன்றைக்கு வெள்ளி. தவக்கால வெள்ளி. சாயங்காலம் அவள் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போய்விட்டாள். நான் பல்தாவைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன், அதை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினேன், கழித்துப் பார்த்தேன், நாலு கிலோ. நாலு கிலோப் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவு. குழந்தைகளுக்கான சின்னக் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன், அதில் பாதி. ஒரு மனிதப் பிள்ளைக்கு அது சரியான அளவு. இன்றைக்கும் சொல்வேன், மிகச் சரியான அளவு.

கோடு போட்ட மாத்திரையானாலும் என் கையில் கோட்டோடு உடையாது. சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டிய இடது கட்டைவிரல், ஒரு பக்கம் அதிகமாக அழுத்திவிடும். எப்போதும் ஒரு பெரிய பாதி, ஒரு சின்னப் பாதி. கடையில் இதற்கென்றே மாத்திரை வெட்டுகிற டப்பா இருக்கிறது, வீட்டில் கைதான். சின்னப் பாதியை வெள்ளி சாயங்காலம் கொடுத்தேன். வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் வைத்து, வாயை மூடிப் பிடித்து, தொண்டையைத் தடவி, மூக்கில் ஊதி, முழுங்குகிற வரைக்கும் பிடித்திருந்தேன். முழுங்கியது. தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். பிறகு வாயோரம் கொஞ்சம் நுரை வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து இந்தப் பீரோவுக்கு அடியில் போனது. மறுநாள் காலையில் பிலோமினா பூசைக்குப் போன சமயம் பெரிய பாதி. அதே வாய், அதே தொண்டை, அதே நுரை, அதே நடை. அவளிடம் சொல்லவில்லை. பயந்துகொண்டு இல்லை, அப்போது பயப்பட ஒன்றும் இல்லையே. குணமானதும் சொல்லி மார்தட்டலாம் என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது பல்தா அடுப்படி மூலையில் பக்கவாட்டில் படுத்திருந்தது, பிலோமினா கூப்பிட்டதற்கு வாலை ஒரு தரம் தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். அவளுடைய பருத்திச் சேலையில் சுற்றி, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நான்தான் குழி வெட்டினேன். அந்தச் செடியிலிருந்து அவள் இன்றுவரை ஒரு இணுக்கு பறிக்கவில்லை. கடையில் வாங்குகிறாள்.

அழுதேன், அதுவரைக்கும் எல்லாரும் அழுகிற அழுகைதான். அதற்கப்புறம் மே மாதம் மிருக ஆஸ்பத்திரி டாக்டர் கடைக்கு வந்தார். தனக்கு நெஞ்செரிச்சல் என்று மாத்திரை வாங்க வந்தவர். கவரில் போட்டுக்கொண்டே சும்மா பேச்சுக்குக் கேட்டேன், சார், பூனைக்குக் காய்ச்சல் வந்தா நம்ம மாத்திரையே கொஞ்சமாக் குடுக்கலாமா. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “குடுத்துடாதீங்க. நாய்க்கே ஆகாது, பூனைக்கு அது வெஷம். ஒரு துண்டு போதும். ஈறெல்லாம் பழுப்பாப் போயி, மூஞ்சி வீங்கி, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்.” கவரை மடித்து நீட்டினேன், சில்லறை கொடுத்தேன், போயிட்டு வாங்க சார் என்றேன். அடுத்து வந்தவர் என்ன கேட்டார் என்று ஞாபகமில்லை. ரெண்டு நாள். வெள்ளியிலிருந்து ஞாயிறு. அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடுவது ஒரே கேள்வி, மூஞ்சி வீங்கியிருந்ததா. சனிக்கிழமை ராத்திரி பிலோமினா அதன் தலையைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னாள். மூஞ்சி உப்பினாப்போல இருக்கே என்றாளா? சொன்ன மாதிரியும் இருக்கிறது, நானே சொல்லவைத்த மாதிரியும் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அவள் குரலிலேயே அது கேட்கும். அவளிடம் கேட்டுவிடலாம், பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள் என்பாள், அப்புறம் அந்த எதற்குக்குப் பதில் சொல்ல வேண்டும். ஈறு பார்த்தேனா? பார்க்கவில்லை. வாயைத் திறந்தது மாத்திரை போடுவதற்கு மட்டும்தான்.

கோயிலில் போய்ச் சொன்னேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று, ஒரு உயிரைக் கொன்றுவிட்டேன் ஃபாதர் என்றேன். பூனை என்றதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. புதிதாக வந்த இளம் சாமியார், நல்ல மனிதர். தெரியாமச் செஞ்சது பாவம் இல்லப்பா, மனசுக்கு ஆறுதலா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க என்றார். மூன்றும் சொன்னேன், முப்பதும் சொன்னேன். தெரியாமல் செய்தது என்கிறார், எனக்குத் தெரியாமல் இருக்கலாமா? தெரிந்தவன் என்றுதானே பாலக்கரையே வந்து என் முன்னால் நிற்கிறது. ஒரு கொத்தனார் தெரியாமல் கொடுத்திருந்தால் அது தெரியாமல். நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறையில் மெழுகுதிரி வைத்தபோது, பக்கத்தில் இன்னொன்றையும் ஏற்றினேன். “அது யாருக்கு?” என்றாள் பிலோமினா. யாருமில்லாத ஆத்துமாக்களுக்கு என்றேன். நல்லதுதான் என்று அவளும் ஒரு செபம் சொன்னாள். போன வாரம் அவள் தங்கை வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று சாம்பல் நிறம், கொண்டுவரட்டுமா என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேண்டாம்னா வேண்டாம் என்றேன். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அந்தக் குரலில் பேசியது இல்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. இந்தக் கையால் இன்னொரு வாயைத் தொடக்கூடாது என்று எப்படிச் சொல்வேன். தங்கையிடம் இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும், நானும் தெரியாத மாதிரி இருக்கிறேன்.

பீரோ காலி. இனி எடுக்க ஒன்றும் இல்லை. பிலோமினா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். கால் தரையில் கிறீச்சிட்டது, ஒரு முழம் நகர்ந்தது, இன்னொரு முழம். “போதும், கூட்டி அள்ளிப் போட்டுருங்க, நான் வாளியில தண்ணி கொண்டாறேன்” என்று போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தரம், கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்புக்கு மட்டும்தான் இந்த இடம் வெளிச்சத்தைப் பார்க்கும். பீரோவின் நாலு காலுக்கு நடுவே தூசி கட்டி, அதில் கறுப்பு முடி. நிறைய முடி. அது படுத்த இடம் மட்டும் ஒரு கிண்ணம் போல் தெரிகிறது. உட்கார்ந்துவிட்டேன், விளக்குமாறு கையிலேயே இருக்கிறது. இதை எப்படிக் கூட்டுவது. பேனா மூடி ஒன்று, குடில் சோடனையிலிருந்து பிய்த்த சரிகைத் துண்டு, செபமாலையின் ஒரு மணி, நான் வீடெல்லாம் தேடிய சைக்கிள் சாவி. திருடி, திருடி என்று வாய்விட்டே சொன்னேன். முடிக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ. சுண்ணாம்பு பெயர்ந்த துண்டு என்று நினைத்து விரலால் தள்ளினேன். சுண்ணாம்பு இல்லை. ஓரம் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் மழமழப்பு, ஒரு பக்கம் உடைசல். முப்பத்தோரு வருஷக் கைக்கு அது என்னவென்று தெரியக் கண்ணே தேவையில்லை. மாத்திரை. சின்னப் பாதி.

நம்பாதே என்றுதான் முதலில் தோன்றியது. எந்த மாத்திரையோ. பிலோமினாவின் பிரஷர் மாத்திரையாக இருக்கலாம், என் கையிலிருந்து எப்போதோ தவறியதாக இருக்கலாம். பிரஷர் மாத்திரை ரோஸ் நிறம். சரி, அதே மாத்திரைதான், ஆனால் சின்னப் பாதிதானே, பெரிய பாதி உள்ளே போயிருக்கும், அந்த ஒரு துண்டு போதும் என்றாரே. ஐம்பத்தெட்டு வயதில் தரையில் குப்புறப் படுத்து, முடியையும் தூசியையும் விரலால் விலக்கி விலக்கிப் பார்க்கிறேன். இல்லை. எறும்பு இழுத்துப் போயிருக்குமா, எறும்புக்கு இந்தக் கசப்பு எதற்கு. மாதாவே, அந்தப் பாதியும் இருக்கட்டும். இதற்காக மாதாவைக் கூப்பிடுவது முறையா என்று தெரியவில்லை, கூப்பிட்டாகிவிட்டது. சுவரோரம் பீரோவின் பின்கால் இருந்த இடத்தில் துரு வட்டமாகப் பதிந்திருக்கிறது, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முடி உருண்டை, அதைப் பிரித்தேன். உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெரிய பாதி.

சட்டையில் துடைத்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்தேன். ஓரம் கொஞ்சம் கரைந்திருக்கிறது, எச்சில் பட்ட ஓரம், அந்தக் கொஞ்சம் உள்ளே போயிருக்குமே என்று மனசு உடனே வாதாட வந்தது. போயிருக்கும், ஒரு பொட்டு போயிருக்கும், அதையும்தான் நுரையாகத் துப்பிவிட்டதே. அந்த நுரை. ஏழு மாதமாக எனக்கு விஷத்தின் நுரையாக இருந்தது. கசப்புத் தாங்காமல் வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்த நுரை அது. தொண்டை அசைந்ததெல்லாம் நடிப்பு. என் முகத்துக்கு நேரே முழுங்கிய மாதிரி காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போய், இந்த இருட்டில் துப்பியிருக்கிறது. மதிலில் தற்செயலாக உட்கார்ந்திருக்கிற அதே பாசாங்கு. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினேன். உடைசலோடு உடைசல் பொருந்தி ஒரே மாத்திரையாக நின்றது, கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி, என் கட்டைவிரல் உடைத்த உடைப்பு. உள்ளே போகவில்லை. பதினான்கு வயசு, உடம்பு ஓய்ந்துவிட்டது, அதன் நேரம் வந்தது, போய்விட்டது. நான் அனுப்பவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன், ஈரம் கன்னத்தில் இறங்குவது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனை மாதமும் நான் அழுததெல்லாம் எனக்காகத்தான். இப்போதுதான் பல்தாவுக்காக அழுகிறேன், அது நன்றாக இருக்கிறது.

பிலோமினா வாளியோடு வாசலில் நிற்கிறாள். “என்ன கையில?” “மாத்திரை.” “கீழ கீழ போட்டுடாதீங்க, பல்தா எடுத்துத் தின்னு…” என்று வழக்கமாகச் சொல்வதைப் பாதி சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் கண் அந்த முடியின் மேல் போனது. “தின்னாது” என்றேன். “அது திங்கவே இல்ல பிலோ.” சொன்னேன், வெள்ளி சாயங்காலம், சனி காலை, எடை மெஷின், மிருக டாக்டர், ஃபாதர், அந்த மெழுகுதிரி, எல்லாம். முடித்ததும் “ரெண்டு வேளையா?” என்றாள். “ரெண்டு வேளை.” “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.” “சொல்லல.” பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், கோபம்தான், கண்ணும் நிறைந்திருந்தது. “அன்னிக்கு ராத்திரி மூஞ்சி உப்பினாப்ல இருக்குன்னு சொன்னியா நீ?” “நான் எங்க சொன்னேன். எளச்சுப்போச்சே கண்ணுன்னு சொன்னேன்.” என் உள்ளங்கையிலிருந்து துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அது எந்த மாத்திரையத்தான் முழுங்கியிருக்கு? பூச்சி மாத்திரை அஞ்சு தடவ குடுத்தா நாலு தடவ கன்னத்துல ஒதுக்கிட்டு இங்க வந்துதான் துப்பும். மத்தி மீனுக்குள்ள வச்சு ஏமாத்திக் குடுக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போவும். பதினாலு வருசம் கூட இருந்தீங்க, இது தெரியாதா உங்களுக்கு?” தெரியாது. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவன் நான், வீட்டில் அதற்குக் கொடுத்தது அவள். “எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே இந்தப் பீரோவ நகத்தியிருப்பேன்” என்று என் முழங்காலில் ஒரு அடி வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை.

தெருவில் யாரோ நட்சத்திரம் கட்டுகிறார்கள், ஏணியைப் பிடி ஏணியைப் பிடி என்று சத்தம். பிலோமினா விளக்குமாற்றைத் தொடாமல், கறுப்பு முடியைக் கையாலேயே திரட்டி, சரிகைத் துண்டோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கொல்லையில் வைக்கப்போகிறாள். நான்தான் பேசினேன். “அந்தச் சாம்பல் குட்டிய யாருக்கும் குடுத்துட வேணாம்னு ஒன் தங்கச்சிட்டச் சொல்லு.” அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சொல்றேன். ஆனா ஒண்ணு. அதுக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, இருமல் வந்தாலும் சரி, உங்க டாக்டரண்ணே வேலையெல்லாம் கடையோட.” சரி என்றேன். எழுந்து வாளியை என் பக்கம் தள்ளினாள், நான் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தத் துரு வட்டத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.